அளவுச் சாப்பாடு

(அம்பாசமுத்திரம். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நான்கடி ரீசார்ஜ் கடை. 2025 மாசி பிறந்து இரண்டாம் நாள், காலை பதினொரு மணி. கடைக்காரன் மாரிக்கு முப்பது வயது. எதிர்ச்சாரியில் இட்லிக் கடை நடத்தும் ஆச்சி, காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு முழங்கையில் மாவு காயாமல் வருகிறார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ரப்பர் பேண்டு சுற்றிய பட்டன் போனை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைக்கிறார். ஐந்தாம் பட்டனில் எண் அழிந்து வெறும் ரப்பர்தான் மிச்சம்.)

ஆச்சி: ஏலே மாரி, இது செத்துப் போச்சா, உயிரோடு இருக்கிறதா, பார்.

மாரி: போனுக்கு ஒன்றும் இல்லை ஆச்சி. வேலிடிட்டி நேற்றோடு முடிந்துவிட்டது.

ஆச்சி: முடிந்துவிட்டதா? போன மாசம்தானே நீயே போட்டாய்!

மாரி: ஜனவரி 17. இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது.

ஆச்சி: மாசத்துக்கு இருபத்தெட்டு நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது?

மாரி: பிப்ரவரிக்கு இருக்கிறதே.

ஆச்சி: வருசம் பூராவும் பிப்ரவரியை வைத்தே ஓட்டுகிறான்களா? எனக்குப் பால் ஊற்றுகிறவன் இருபத்தெட்டாம் நாள் வந்து மாசக் காசு கேட்டால் செம்பாலேயே போடுவேன்.

மாரி: வருசத்துக்குப் பன்னிரண்டு தடவைக்குப் பதில் பதின்மூன்று தடவை போட வேண்டிவரும், அவ்வளவுதான். முப்பது நாள் திட்டமும் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று டிராய், அதான் போன் கம்பெனிகளைக் கட்டி மேய்க்கிற அரசு ஆணையம், 2022-லேயே சொல்லிவிட்டது.

ஆச்சி: சொல்லிவிட்டதா? அப்புறம் ஏன் நீ அதை எனக்குச் சொல்லவில்லை?

மாரி: நீங்கள் கேட்கவில்லை.

ஆச்சி: சரி, பழைய கதை எதற்கு. பத்து ரூபாய்க்குப் போடு.

மாரி: பத்து ரூபாய்க்குப் போட்டால் ஏழு ரூபாய் நாற்பத்தேழு காசு ஏறும்.

ஆச்சி: மிச்சம்?

மாரி: வரி, கட்டணம். ஆனால் அந்த ஏழு ரூபாயையும் வேலிடிட்டி இல்லாமல் பேச முடியாது. சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கும்.

ஆச்சி: என் தம்பி மாதிரி.

மாரி: போன மாசம் போட்ட 199-ஐயே போடட்டுமா? அளவில்லாமல் பேசலாம். இரண்டு ஜிபி நெட். ஒரு நாளைக்கு நூறு எஸ்.எம்.எஸ்.

ஆச்சி: அளவில்லாமல் பேச எனக்கு ஆள் வேண்டாமா? இருந்த ஒரு மனுசன் பதினாலு வருசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். இருந்தபோதும் பேசினதில்லை.

மாரி: ஒரு நாளைக்கு எத்தனை போன் பேசுவீர்கள்?

ஆச்சி: பேசுவது எங்கே? மிஸ்டு கால்தான். மாவு மில்லுக்கு ஒரு ரிங் விட்டால் அரிசி ஊறிவிட்டது, ஆளை அனுப்பு. இரண்டு ரிங் விட்டால் இன்றைக்கு மாவு வேண்டாம். மூன்று ரிங் என்றால் நேற்று அரைத்தது நரநர என்று இருந்தது, நேரில் வா, உனக்கு இருக்கிறது.

மாரி: நான்கு ரிங்?

ஆச்சி: நான்காவதுக்குள் எடுத்துத் தொலைப்பான். நாசமாய்ப் போகிறவன், காசு போய்விடும்.

(மாரி பெட்டிக்கு அடியில் குனிந்து சிரித்துவிட்டு நிமிர்கிறான்.)

மாரி: அப்போது உங்களுக்கு முக்கியம் வெளியிலிருந்து வருகிற போன்.

ஆச்சி: அதேதான். அம்பத்தூரிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். அப்புறம் கேஸ் சிலிண்டருக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால்தான் இறக்கிவைக்கிறான். நாளைக்குத் தேதி பதினைந்து, உரிமைத் தொகை ஆயிரம் ஏறின சேதி வரும். எல்லாம் வருகிறதுதான். எனக்கு வருகிற கடிதாசிக்கு நானா ஸ்டாம்பு ஒட்டுவேன்?

மாரி: 2003-லிருந்து வருகிற போனுக்குக் காசு இல்லை, உண்மைதான். ஆனால் 2018 கடைசியில் கம்பெனிகள் வழியை மாற்றிக்கொண்டுவிட்டன. வேலிடிட்டி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

ஆச்சி: சாப்பாடு இலவசம், இலைக்குக் காசு.

மாரி: அப்படித்தான்.

ஆச்சி: ஏலே, இருபது ரூபாய் இருந்தால் நம்பர் சாகாது என்று பஸ்ஸில் ஒருத்தி சொன்னாளே? டிராய் சட்டமே அதுதானாம்.

மாரி: அந்தச் சட்டம் 2013-லிருந்து இருக்கிறது. தொண்ணூறு நாள் போனைத் தொடாமலே வைத்திருந்தாலும், இருபது ரூபாய் பேலன்ஸ் கிடந்தால் நம்பரைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. இருபதைக் கழித்துக்கொண்டு இன்னொரு முப்பது நாள் வைத்திருப்பார்கள். நம்பர் உங்களுடையதாக இருக்கும். மணி அடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆச்சி: வீட்டு வரி கட்டினால் வீடு நம்முடையது. கரண்டு தனி.

மாரி: ஆச்சி, நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், நான் இட்லி ஊற்றப் போகிறேன்.

ஆச்சி: ஊற்றுவாய், ஊற்றுவாய். உன் அப்பா இதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு. உள்ளே சிவப்பு எண் ஓடும். நாலு ரூபாய்க்குப் பேசினால் நாலு ரூபாய். கதவைத் திறக்கும்போதே சீட்டைக் கிழித்து நீட்டுவார். யார் தலையிலும் இரண்டு ஜிபியைக் கட்டினாரா?

மாரி: அப்போது ஜிபி இல்லை.

ஆச்சி: இருந்தாலும் கட்டியிருக்கமாட்டார். நான் கேட்பது இதுதான். ஓட்டலுக்குப் போகிறோம். முழுச் சாப்பாடு நூறு என்கிறான். ‘எனக்குப் பசி இல்லை, அளவுச் சாப்பாடு கொடு’ என்றால் அறுபதுக்குக் கொடுக்கிறான் இல்லையா? போனில் அளவுச் சாப்பாடு ஏன் இல்லை?

மாரி: (மேசையைத் தட்டி) இருக்கிறது! போன டிசம்பர் 23-ம் தேதி டிராய் உத்தரவே போட்டது. நெட் இல்லாமல், பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும் ஒரு ரீசார்ஜாவது எல்லாக் கம்பெனியும் வைக்க வேண்டும். முன்பு இந்த மாதிரிக்குத் தொண்ணூறு நாள்தான் உச்சம், இப்போது 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம். ஜனவரியிலேயே வந்துவிட்டது.

ஆச்சி: அப்படிச் சொல்லு என் ராசா! எவ்வளவு?

மாரி: உங்கள் சிம் ஏர்டெல். 469 போட்டால் 84 நாள். 1849 போட்டால் 365 நாள். நெட் கிடையாது. பேச்சு அளவில்லை.

ஆச்சி: பொறு. இதே ஒரு வருசத்துக்கு, நெட்டோடு எவ்வளவு வைத்திருந்தான்?

மாரி: அது... 1999. இருபத்துநான்கு ஜிபி.

ஆச்சி: நெட் முழுசையும் தூக்கிவிட்டுக் குறைத்தது நூற்றைம்பதா?

மாரி: ஆமாம்.

ஆச்சி: (கண்ணை மூடி, விரல் கணுக்களை எண்ணி) நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஏழரை ரூபாய் குறைத்த மாதிரி.

மாரி: (கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து) ஏழரைதான் ஆச்சி! சரியாக ஏழரை!

ஆச்சி: அது எனக்குத் தெரியும். ஏழரை எப்போது பிடித்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

மாரி: எஸ்.எம்.எஸ். 3600 தருகிறார்கள்.

ஆச்சி: எனக்கு ஒன்றுகூட அனுப்பத் தெரியாது. மொட்டைத் தலைக்காரிக்கு முழம் முழமாய்ப் பூவா? வேறு கம்பெனி?

மாரி: ஜியோவில் 448-க்கு 84 நாள். 1748-க்கு 336 நாள்.

ஆச்சி: 336-ஆ? அது என்ன கணக்கு?

மாரி: ஒரு... வருசம் மாதிரி.

ஆச்சி: மாதிரியா? இருபத்தெட்டைப் பன்னிரண்டு தடவை வைத்திருக்கிறான். மறுபடியும் அந்தப் பிப்ரவரி! என் வருசத்தில் இருபத்தொன்பது நாள் எங்கே?

மாரி: ஆனால் நூறு ரூபாய் குறைவு ஆச்சி.

ஆச்சி: நாளுக்கு எவ்வளவு விழுகிறது என்று அந்தப் பொட்டியில் போடு.

மாரி: (தட்டுகிறான்) 1748-ஐ 336-ஆல் வகுத்தால் ஐந்து ரூபாய் இருபது காசு. 1849-ஐ 365-ஆல் வகுத்தால்... ஐந்து ரூபாய் ஏழு காசு. அட!

ஆச்சி: 199?

மாரி: நாளுக்கு ஏழு ரூபாய் பதினொரு காசு.

ஆச்சி: என் கடையில் ஒரு இட்லி. தினமும் ஒரு இட்லியை உன் கடைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், சட்னி இல்லாமல். அந்த 84 நாள்?

மாரி: ஏர்டெலில் ஐந்து ரூபாய் ஐம்பத்தெட்டு காசு. எப்படியும் ஜியோ உங்களுக்கு ஆகாது. அதற்கு 4ஜி போன் வேண்டும். இது 2ஜி.

ஆச்சி: எனக்கு எந்த ஜியும் வேண்டாம். சரி, அந்த 365-ஐப் போடு.

(மாரி போனைக் கையில் எடுக்கிறான். ஆச்சி சட்டென்று அவன் கையைப் பிடிக்கிறார்.)

ஆச்சி: பொறு, பொறு. பங்குனி வந்தால் எனக்கு எழுபத்தைந்து. நடுவில் கார்த்திகையில் நான் போய்விட்டேன் என்று வை. மீதி நாள் காசை மகனிடம் கொடுப்பார்களா?

மாரி: கொடுக்கமாட்டார்கள்.

ஆச்சி: அப்புறம் எந்தத் தைரியத்தில் போடுவது? ஏற்கெனவே ஒருத்தன் 999 ரூபாய்க்கு வாழ்நாள் வேலிடிட்டி என்று கொடுத்தான். யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்கவில்லை. 2018-ல் கடையை மூடிவிட்டான். அந்தக் கம்பெனி போய்ச் சேர்ந்தது, நான் இருக்கிறேன். உன் அப்பாதான் 1900-க்கு ஏதோ போர்ட்டு மெசேஜ் அனுப்பி, இந்த நம்பரைக் காப்பாற்றி, இந்தக் கம்பெனியில் கொண்டுவந்து சேர்த்தார்.

மாரி: அதைத்தான் ஆச்சி நானும் சொல்ல வருகிறேன். கம்பெனிகளைவிட உங்களுக்கு ஆயுசு கெட்டி.

ஆச்சி: (யோசித்து) நகைச்சீட்டு இன்னும் ஒன்பது மாசம் இருக்கிறது. அதை எடுக்காமல் போகமாட்டேன். பேத்திக்குத் தையில் கல்யாணம் பேசுகிறார்கள், அதையும் பார்க்காமல் போகமாட்டேன். தை முடிந்தால் மாசி. போடு, போடு.

(சுருக்குப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக நோட்டுகள் வருகின்றன. எல்லாவற்றிலும் லேசாக மிளகாய்ப் பொடி. மாரி எண்ணுவதற்குள் மூன்று தடவை தும்முகிறான். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஒரு ரூபாய் மீதி கொடுக்கிறான். ஆச்சி அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போடுகிறார்.)

மாரி: ஏறிவிட்டது. அடுத்த மாசி வரைக்கும் கவலை இல்லை. யாருக்காவது ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

(ஆச்சி ரப்பர் தேய்ந்த பட்டன்களை அழுத்துகிறார். ஒரு ரிங் போனதும் கட் செய்கிறார்.)

மாரி: ஆச்சி! இனிமேல் காசு போகாது. அளவே இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பேசலாம்!

ஆச்சி: அரிசி ஊறிவிட்டது என்பதைக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எப்படியடா சொல்வது?

மாரி: அதுவும் சரிதான்.

ஆச்சி: எவ்வளவு பேசினாலும் அதே காசுதானா? ஒரு பைசா கூடாதா?

மாரி: கூடாது.

ஆச்சி: யார் பேசினாலும்?

மாரி: யார்... ஏன் கேட்கிறீர்கள்?

ஆச்சி: நாளுக்கு ஐந்து ரூபாய் ஏழு காசு எடுக்க வேண்டுமே. இட்லிக் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, இதை ஒரு சணலில் கட்டி வைத்துவிடுகிறேன். ஒரு போன் இரண்டு ரூபாய். மூன்று பேர் பேசினால் முதல் வந்துவிட்டது. நாலாவது ஆளிலிருந்து லாபம்.

மாரி: வழியில் போகிற ஆள் கையில் எல்லாம் போனைக் கொடுக்காதீர்கள் ஆச்சி, பேங்க் ஓ.டி.பி. வருகிற நம்பர்!

ஆச்சி: நானே நம்பர் போட்டு, கையில் பிடித்துக்கொள்வேன். காதை மட்டும் அவன் கொண்டுவரட்டும்.

மாரி: அதுவும் இல்லாமல், இந்தக் காலத்தில் உங்களிடம் வந்து யார் பேசுவார்கள்? பிச்சை எடுக்கிறவரிடம்கூட போன் இருக்கிறது.

ஆச்சி: போன் இருக்கிறது. இருபத்தொன்பதாம் நாள் வேலிடிட்டி இருக்கிறதா?

(மாரிக்குப் பதில் வரவில்லை. பேச்சை மாற்றுகிறான்.)

மாரி: உங்களுக்கு இன்கமிங் வருகிறதா என்று பார்ப்போம். நானே ஒன்று போடுகிறேன்.

(தன் பெரிய தொடுதிரை போனை எடுத்து ஆச்சி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் வைக்கிறான். மணி அடிக்கவில்லை. ஒரு பெண் குரல் மிக மரியாதையாக, அவனுடைய திட்டம் முடிந்துவிட்டது என்றும் உடனே ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது தடவையும் சொல்கிறது.)

ஆச்சி: யாரது, உன் பொண்டாட்டியா?

மாரி: (முகம் சுருங்கி) ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு எனக்குப் போட மறந்துவிட்டேன். இதோ, இப்போதே... (கடை ஆப்பைத் திறந்து பார்க்கிறான்.) ஐயோ. உங்களுக்கு 1849 போட்டதில் கடை பேலன்ஸ் பதினொரு ரூபாய்க்கு வந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் பையனைக் கூப்பிட்டால்தான் பேலன்ஸ் ஏற்றுவான்.

ஆச்சி: கூப்பிடு.

மாரி: எதில் கூப்பிடுவது?

(ஆச்சி ரப்பர் பேண்டைக் கழற்றி, மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, பட்டன் போனை மெதுவாக அவன் பக்கம் நகர்த்துகிறார். இன்னொரு கை உள்ளங்கை மேலாக நீள்கிறது.)

ஆச்சி: இரண்டு ரூபாய். சில்லறையாகக் கொடு.