குடுவைச் செடி விதைக்குக் குளிரும் வேண்டும்

குளிர் நாட்டில், பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடியை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி உங்கள் கட்டுரையில் இவ்வளவு விளக்கமாகத் தமிழில் படித்ததில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் "எல்லா விதையையும் உடனே கதகதப்பான இடத்தில் விதையுங்கள்" என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.

அது எங்கள் மலேசியாவின் பினாங்குக் கொடிமலையில் வளரும் நெப்பந்திஸ் என்ற குடுவைச் செடி வகைக்குச் சரி. நூல் மாதிரி மெலிந்த அந்த விதையைப் புதிதாக இருக்கும்போதே தூவிவிட வேண்டும். வட அமெரிக்காவின் சரசீனியா என்ற வகை அப்படியில்லை. ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் அதன் விதை ஒழுங்காக முளைக்கும்.

எடின்பரோவில் இருக்கும் என் தங்கை மகள் போன வருஷம் சரசீனியா விதையை நேராக ஹீட்டர் பக்கத்தில் வைத்து 3 மாதம் காத்திருந்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. பாவம், அழாத குறை. இந்த முறை விதையை ஈரமான ஸ்பாக்னம் என்ற சதுப்பு நிலப் பாசியோடு கலந்து, ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 6 வாரம் வைக்கச் சொன்னேன் (ஃபிரீசரில் வைக்கக் கூடாது). அப்புறம் பீட் (மட்கிய சதுப்பு நிலப் பாசி), பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) கலவையின் மேலே தூவினாள். வெளிச்சம் படவேண்டும் என்பதால் மூடவில்லை. 3 வாரம் கழித்துப் பச்சைப் புள்ளிகளைப் படமெடுத்து அனுப்பினாள். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்!

மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், மண்ணில் உரம் போடாதீர்கள் என்று நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. செடி பெரிதாக 3 முதல் 5 வருஷம் ஆகும் என்பதையும் சேருங்கள். தெரியாமல் ஆரம்பிப்பவர்கள் முதல் வருஷத்திலேயே மனம் தளர்ந்து தூக்கிப்போட்டுவிடுகிறார்கள்.