போகாமல் போன ஒரு ஈமெயிலும் 76 நாள் ஜெயிலும்

இன்டர்போல் போலீஸ்காரர் என்று ஒருவர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு விமானத்தில் வந்திறங்கி யாரையும் கைது செய்ய மாட்டார். இதை என் அலுவலக நண்பர் ஒருவரிடம் மூன்று வருஷமாகச் சொல்கிறேன், நம்ப மறுக்கிறார். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ரெட் கார்னர் நோட்டீஸ் பேச்சு வந்தபோது, "சும்மா குடுப்பாங்களா சார், தப்பு பண்ணவனுக்குத்தான் குடுப்பாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இன்டர்போல் என்பது 196 நாட்டுப் போலீஸும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு. தலைமையகம் பிரான்சில், லியோன் நகரத்தில். ரெட் நோட்டீஸ் என்றால், "இந்த ஆளைத் தேடுகிறோம், உங்கள் ஊரில் தென்பட்டால் பிடித்து வையுங்கள், ஒப்படைக்கச் சொல்லி மனு அனுப்புகிறோம்" என்று ஒரு நாடு மற்ற நாடுகளிடம் லியோன் வழியாகக் கேட்பது, அவ்வளவுதான். பிடிவாரண்ட் கிடையாது. அதற்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பது அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் ராத்திரி விமானத்தில் வந்திறங்கியவரின் பெயர் குடியேற்ற அதிகாரியின் கம்ப்யூட்டரில் சிவப்பாக எரியும்போது, இந்த நுணுக்கமெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்த ஏற்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2007இல், குழந்தைகளைச் சீரழித்துப் படமெடுத்து, தன் முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் சுழற்றி மறைத்து இணையத்தில் போட்டிருந்தான் ஒருவன். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அந்தச் சுழலை அவிழ்த்து முகத்தை எடுத்தார்கள், இன்டர்போல் அதை உலகத்துக்கே காட்டியது, இரண்டு வாரத்துக்குள் தாய்லாந்தில் பிடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு இது வேண்டும்தான்.

பதினொரு வருஷம் கழித்து அதே தாய்லாந்தில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

ஹக்கீம் அல்-அரைபி பஹ்ரைன் தேசிய அணிக்கு ஆடிய கால்பந்து வீரர். 2012இல் அங்கே கைதாகி, சித்திரவதைக்கு ஆளானார். 'இனி உன்னால் பந்தே ஆட முடியாது' என்று சொல்லிச் சொல்லிக் காலிலேயே அடித்தார்கள் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். போலீஸ் நிலையத்தைத் தாக்கியதாக வழக்கு. அன்றைக்கு டிவியில் நேரலையாகப் போன ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தேன் என்பது அவர் பதில். ஆள் இல்லாமலேயே பத்து வருஷம் தண்டனை கொடுத்தார்கள். தப்பி ஆஸ்திரேலியா போனார், 2017இல் அகதி அந்தஸ்து கிடைத்தது, மெல்போர்னில் பாஸ்கோ வேல் என்ற சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டு கல்யாணமும் செய்துகொண்டார். 2018 நவம்பர் 27 அன்று மனைவியோடு தேனிலவுக்கு பாங்காக் வந்திறங்கியவரை விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதம்தான் பஹ்ரைன் கேட்டு இன்டர்போல் ரெட் நோட்டீஸ் போட்டிருந்தது.

இத்தனைக்கும் இன்டர்போல் சாசனத்தின் 2ஆவது பிரிவு, மனித உரிமைப் பிரகடனத்தின் உணர்வோடு செயல்பட வேண்டும் என்கிறது. 3ஆவது பிரிவு, அரசியல் விவகாரத்தில் தலையிடவே கூடாது என்கிறது. இதற்கு மேல், ஒருவர் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்து அகதியானாரோ அந்த நாடே கேட்டால் அவர்மேல் நோட்டீஸ் செல்லாது என்று 2015இலேயே கொள்கை வகுத்துவிட்டார்கள். விதியில் குறையே இல்லை, பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஹக்கீம் அகதி என்று லியோனில் யாருக்குத் தெரியும்?

தெரிந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே நடந்ததைக் கேளுங்கள். ஒரே அரசாங்கத்தின் இரண்டு துறைகள். போலீசில் இருக்கிற இன்டர்போல் பிரிவு, "நோட்டீஸில் இருக்கிற ஆள் இதோ கிளம்பிவிட்டார்" என்று தாய்லாந்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது. இவர் நம்மிடம் பாதுகாப்பு பெற்றவர் என்று போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டியது எல்லைப் படை. அங்கே ஓர் அதிகாரி அந்த ஈமெயிலை அனுப்பவில்லை. பின்னால் நாடாளுமன்றக் குழுவில் அதை ஒப்புக்கொண்டார்கள், மனிதத் தவறு என்றார்கள். சரி, தவறுதான். ஆனால் காட்டிக்கொடுக்கிற தகவல் மட்டும் எப்படித் தவறாமல் போய்ச் சேருகிறது? எல்லோரும் தாய்லாந்தைத் திட்டினார்கள், நான் ஆஸ்திரேலியாவைத்தான் முதலில் திட்டுவேன். தாய்லாந்து 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத நாடு, அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? இவர்கள் கையெழுத்துப் போட்டு, அடைக்கலமும் கொடுத்து, கையில் பயண ஆவணமும் கொடுத்து அனுப்பியவர்கள்.

சில நாளில் இன்டர்போல் நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டது. ஆனாலும் ஆள் உள்ளேதான். பஹ்ரைன் ஒப்படைப்பு மனு போட்டுவிட்டது, இனி அது இரண்டு நாட்டு விவகாரம். நோட்டீஸின் வேலை ஆளைப் பிடித்து நிறுத்துவதோடு முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் அதைக் கிழித்துப் போட்டு என்ன பயன்? பிப்ரவரி 4 அன்று நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த வீடியோவை இன்னும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. கைதி உடை, வெறுங்கால், இரண்டு காலுக்கும் நடுவே சங்கிலி. பந்து உதைக்கிற கால். "என்னை பஹ்ரைனுக்கு அனுப்பாதீர்கள்" என்று கத்திக்கொண்டே போகிறார்.

ஐ.நா. அகதிகள் ஆணையம் பேசியது, ஃபிஃபா கடிதம் எழுதியது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஜனவரிக் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. அதன் தலைவர் பஹ்ரைன் அரச குடும்பத்துக்காரர், அவரை ஹக்கீமே முன்பு விமர்சித்திருக்கிறார். ஆஸ்திரேலிய முன்னாள் கேப்டன் கிரெய்க் ஃபாஸ்டர் ஊர் ஊராகப் போய்க் கதவு தட்டினார். தாம் லுவாங் குகையிலிருந்து தாய்லாந்துப் பையன்களை மீட்ட ஆஸ்திரேலியர்கள் இருவரும் தாய்லாந்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். 76 நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று விட்டார்கள். அடுத்த மாதம் ஆஸ்திரேலியக் குடியுரிமையும் கொடுத்தார்கள்.

உடனே யாராவது கேட்பீர்கள், அகதிகள் பட்டியலை ஐ.நா. அப்படியே இன்டர்போலிடம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமே என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொடுத்துப் பாருங்கள், யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்ற பட்டியல் துரத்துகிற நாட்டுப் போலீஸ் கைக்கும் ஒருநாள் போய்ச் சேரும். அந்த 196இல் துரத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அடைக்கலம் கொடுத்த நாடுதான் ஒவ்வொரு நோட்டீஸையும் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டு, லியோனுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்ல வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்டர்போல் தலைவருக்கே கதி இல்லாமல் போனதும் உண்டு என்பது தனிக் கதை. மெங் ஹோங்வெய் தலைவராக இருக்கும்போதே 2018 செப்டம்பரில் சொந்த ஊரான சீனாவுக்குப் போனார், காணாமல் போனார், அப்புறம் ராஜினாமாக் கடிதம் மட்டும் வந்தது. ஊழல் வழக்கில் பதின்மூன்றரை வருஷம் தண்டனை என்று 2020இல் செய்தி. அவர் மனைவி பிரான்சில் அகதியானார்.

என் நட்புப் பட்டியலில் மெல்போர்ன், டொரொன்டோ, லண்டன் என்று ஈழத்து நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், இன்னும் அகதிப் பயண ஆவணத்திலேயே சிங்கப்பூர், பாங்காக் என்று சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்துபோகிறவர்களும் உண்டு. தன் பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று சந்தேகம் உள்ள எவரும் இன்டர்போலின் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம், கட்டணம் கிடையாது. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம், நீக்கச் சொல்லிக் கேட்டால் ஒன்பது மாதம். டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுதுங்கள்.