க்ரீக் புளிக்கத்தான் செய்யும்

"க்ரீக் பீரை ஐஸ் மாதிரி குளிரவைத்துக் குடியுங்கள், புளித்தால் கெட்டது" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இரண்டுமே தவறு. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் காற்றிலுள்ள காட்டு ஈஸ்ட்டால் தானாகப் புளிக்கும் லாம்பிக் பீரில் செர்ரியை மாதக்கணக்கில் ஊறவைப்பதுதான் க்ரீக். புளிப்புதான் அதன் உயிர். பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் பீர் ஆலையில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம் சேர்க்கிறார்கள். பழச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், ஜூஸ் இனிப்பைத் தேடாதீர்கள்.

12 டிகிரி செல்சியஸ் போதும். 4 டிகிரியில் வாசம் எழும்பாது, புளிப்பு மட்டும் நாக்கை அறுக்கும். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் படியும். ஆட்டினால் நுரை பொங்கி, வண்டலும் கலங்கிவிடும்.

முதலில் முகருங்கள். செர்ரித் தோல், கொட்டையிலிருந்து வரும் பாதாம் வாசம், அதற்கும் அடியில் குதிரை லாயம் போல ஒன்று. அது ப்ரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டின் கைவண்ணம், குறை அல்ல! லேசான காடி நெடியும் பரவாயில்லை. தொண்டையைப் பிடித்தால் பீப்பாயில் காற்று அதிகம் புகுந்து அசிட்டிக் அமிலம் ஏறியிருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை என்றால் எத்தில் அசிட்டேட், கொட்டிவிடலாம். எண்ணெய் மாதிரி வழவழத்தால் பீடியோகாக்கஸ் பாக்டீரியா. திறக்காத மற்ற பாட்டில்களைச் சில மாதம் விட்டுவைத்தால் ப்ரெட்டனோமைசிஸே அதைச் சரிசெய்துவிடும்.

லேபிளில் 'அவுடெ க்ரீக்' (பழைய முறை க்ரீக்) என்று இல்லாவிட்டால், சேர்மானத்தில் சர்க்கரை இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.