சபையாருக்கு மட்டுமா?

"முதலில் நம் சபையாருக்கு உதவுவோம், வெளிநாட்டுக்காரர்களை அரசு பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார், தென்னாப்பிரிக்காவில் அடைக்கலம் தேடும் வெளிநாட்டவருக்குத் திருச்சபை உதவுவதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர். எனக்கு இது ஒப்பவில்லை. 1860-இல் டிரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனுக்கு வந்திறங்கிய நம்மவர்கள் யாருடைய சபையார்? இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் ஊர், குலம் விசாரிக்கவில்லையே.

2008-இல் வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த வன்முறையின்போது ஜோகன்னஸ்பர்க் மத்திய மெதடிஸ்ட் ஆலயத்தில் ஜிம்பாப்வேக்காரர்கள் படிக்கட்டில்கூடப் படுத்துத் தூங்கினார்கள். கதவைத் திறந்துவைத்த பேராயர் பால் வெரின் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. நெரிசல், அழுக்கு, அக்கம்பக்கத்தார் புகார் எல்லாம் உண்மைதான், மறைக்க வேண்டாம். ஆனாலும் கதவு திறந்தே இருந்தது.

அப்புறம் 2015-இல் மீண்டும் அதே வன்முறை. டர்பனில் நம்மவர்கள் வாழும் நம் சாட்ஸ்வொர்த்திலேயே மலாவிக்காரர்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். உதவிக்கு வந்தவர்களில் முஸ்லிம் தொண்டர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் சபைப் பதிவேட்டைக் கேட்கவில்லை.