கப்பலில் வந்த பெயர்கள் மட்டும் போதுமா?

எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வரும். கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம், அவன் கப்பலேறியபோதே அதுவும் ஏறியிருக்க வேண்டும் என்று. அனுப்புகிறவர் கிருஷ்ணகிரியில் என்னோடு டீ குடிக்கிற நண்பர்தான். அவருக்கு என்மேல் விரோதம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவரைவிட எனக்கு எரிச்சல் தருவது நம் பங்குக் கோவில்களில் அச்சடிக்கிற ஜூபிலி மலர்கள். புரட்டப் புரட்டத் தாடி வைத்த பிரெஞ்சுச் சாமியார்களின் படங்கள். இவர் வந்தார், அவர் கட்டினார், இன்னொருவர் மணி வாங்கித் தந்தார். கடைசிப் பக்கங்களில் நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே "உபதேசியார்கள் பலரும் உழைத்தனர்" என்று ஒரு வரி. உபதேசியார் என்றால் குருப்பட்டம் இல்லாமல் ஊர்மக்களுக்கு ஜெபமும் வேதமும் சொல்லித் தந்த உள்ளூர்க்காரர். நண்பரும் மலர்க்குழுவும் சொல்வது ஒரே கதை. அவர் வசவாகச் சொல்கிறார், இவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அந்தக் கதை தவறு என்பது என் கட்சி. ஆசியாவில் இந்த மதம் எங்கெல்லாம் வேர்பிடித்ததோ, அங்கெல்லாம் அதைச் சுமந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பெரும்பாலும் படிப்போ பதவியோ இல்லாதவர்கள்.

பழைய கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியது 1498இல். அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பாக, 635இல், அலோபென் என்ற துறவி பாரசீகத் திருச்சபையிலிருந்து சீனத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்ததை 781இல் நட்ட ஒரு கல்வெட்டு சொல்கிறது. சியான் நகரில் அந்தக் கல் இன்றும் நிற்கிறது. நம் பக்கம் 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் இருக்கின்றன. வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள் கொல்லத்துக் கிறிஸ்தவக் கோவிலுக்குக் கொடுத்த உரிமைகளை வட்டெழுத்தில் பொறித்தவை. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்திலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. சென்னை பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்தும் பஹ்லவிதான். இதில் எங்கே வெள்ளைக்காரன்?

பீரங்கியின் நிழலில் வளர்ந்த இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் ஸ்பெயின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதற்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு ஒரு காரணம். சீனாவில் அபினிப் போர்களுக்குப் பின் துப்பாக்கி முனையில் எழுதிய ஒப்பந்தங்களில் மிஷனரிகளுக்கும் சலுகை கிடைத்தது. அந்தக் கறை நூறு ஆண்டு போகவில்லை. ஆனால் அதே சீனாவில் 1949க்குப் பிறகு வெளிநாட்டுக் குருமார்களை வெளியேற்றினார்கள். அப்போது சில லட்சங்களில் இருந்த புராட்டஸ்டன்ட்கள் இன்று யார் கணக்குப்படி பார்த்தாலும் கோடிகளில். வெள்ளைக்காரன் போனதோடு போகவில்லை, போன பிறகுதான் பெருகியது. நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். இயேசு சபையின் இத்தாலியச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து சேலம் பக்கம் வந்தது 1623இல். அந்த நூற்றாண்டின் நடுவிலேயே இயேசு சபையின் மைசூர் மிஷன் தொடங்கிவிட்டது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1792இல், திப்புவோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தில் இந்த மேட்டுநிலத்தில் எந்த ஐரோப்பிய ஆட்சியும் நிலைக்கவில்லை. கடற்கரையில் சாமியாருக்குப் பின்னால் ஒரு கப்பல் நின்றது. இங்கே அவருக்குப் பின்னால் நின்றது அதிகம் போனால் ஒரு மாடும் ஒரு உபதேசியாரும்.

1773இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பொறுப்பு பாரிஸ் வேதபோதக சபைக்குப் போனது. அவர்களிடமோ ஆள் இல்லை. ஒரு குருவானவர் பல நாள் நடைதூரத்தைப் பார்க்க வேண்டிய நிலை. 1784இல் திப்பு, மங்களூர்ப் பக்கத்துக் கனரா கத்தோலிக்கர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறைபிடித்துப் போனான். நம் பகுதியும் அப்போது அவன் ஆட்சியில்தான் இருந்தது. குருவானவர் எப்போது வருவார் என்று தெரியாத ஊர்களில் குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியது யார்? சாகக் கிடந்தவர் பக்கத்தில் ஜெபம் சொன்னது யார்? மந்திரங்களை மனப்பாடமாக வைத்திருந்த உபதேசியாரும் வீட்டுக் கிழவிகளும்தான். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது அப்படிப்பட்டவர்களைத்தான்.

ஜப்பானில் இதுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1614இல் தடை. குருக்கள் கொல்லப்பட்டார்கள், அல்லது விரட்டப்பட்டார்கள். நாகசாகியைச் சுற்றியிருந்த விவசாயிகளும் மீனவர்களும் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் திருநாள் கணக்குப் பார்க்கவும், இன்னொருவரை ஞானஸ்நானம் கொடுக்கவும் வைத்துக்கொண்டு ரகசியமாகக் காப்பாற்றினார்கள். 1865இல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு ஒரு சிறு கூட்டம் வந்து, எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று பெத்திஜான் சாமியாரிடம் சொன்னது. அவர் எந்தச் சபை தெரியுமா? நம் பக்கத்தைக் கவனித்த அதே பாரிஸ் சபை.

கொரியாவின் கதை இன்னும் விசித்திரம். அங்கே மிஷனரி போவதற்கு முன்பே திருச்சபை இருந்தது. சீனாவிலிருந்து வந்த புத்தகங்களைப் படித்து விவாதித்த படிப்பாளிகள் தங்களில் ஒருவரான இ சுங்ஹுனை பெய்ஜிங்குக்கு அனுப்ப, அவர் 1784இல் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். சுமார் பத்து ஆண்டு கழித்து முதல் குருவானவர் எல்லை தாண்டி உள்ளே நுழைந்தபோது அவருக்காக ஏறக்குறைய 4,000 பேர் காத்திருந்தார்கள். அவரும் ஐரோப்பியர் அல்ல, சீனர். பிறகு 1801, 1839, 1866 என்று தொடர்ந்து ரத்தம். 20ஆம் நூற்றாண்டில் கொரியாவை அடிமைப்படுத்தியது ஜப்பான். அதாவது அங்கே ஆட்சி செய்தவன் கிறிஸ்தவன் அல்ல. 1919 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள். அங்கே கிறிஸ்தவ வேதத்தில் இருந்தவன் நாட்டுப்பற்றாளன் என்று பெயர் வாங்கினான். நம் நாட்டில் ஆட்சி செய்தவனும் பாதிரியாரும் ஒரே நிறம். கொரியாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளைக்காரச் சாமியார்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நம்புகிறவர்களுக்கு அபே துபுவாவை நினைவூட்டுகிறேன். அவரும் பாரிஸ் சபைதான். முப்பது ஆண்டுக்கு மேல் தென்னிந்தியாவில், அதில் நீண்ட காலம் மைசூர்ச் சீமையில், உழைத்தவர். 1823இல் ஊர் திரும்பியவர், இந்துக்களை மனம் திருப்புவது நடக்காத காரியம் என்று எழுதினார். அவர் கண் அக்ரகாரத்தின் மேலேயே இருந்தது. சேரிப் பக்கம் நடக்கப்போவதை அவர் எதிர்பார்க்கவில்லை. தெலுங்கு நாட்டில் எர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகா சமூகத் தோல் வியாபாரி, 1866இல் ஞானஸ்நானம் பெற்றுத் தன் சனங்களிடம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தாது வருடப் பஞ்சம் வந்தது. நம் சேலம் ஜில்லாவையும் சேர்த்து அடித்துப்போட்ட பஞ்சம். ஓங்கோல் பாதிரியார் கிளஃப், கஞ்சிக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்று பஞ்ச காலத்தில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர். வரலாறு கிளஃபின் பெயரை வைத்துக்கொண்டது. பேரய்யாவை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிட்டது.

வந்தவர்களைத் திருச்சபை எப்படி வைத்தது என்பது வேறு விஷயம், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தெ நொபிலி காலத்திலேயே சாதிக்கேற்ப வேறு வேறு சாமியார் என்று ஏற்பாடு வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சுவர் எழுப்பிப் பிரித்து உட்கார்ந்தார்கள். தனிக் கல்லறை இன்றும் இருக்கிற ஊர்களை எல்லோருக்கும் தெரியும். வெளியே அரசாங்கம் 1950ஆம் ஆண்டு ஆணையின்படி, கிறிஸ்தவனாகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்கு மட்டும் திறக்கவில்லை. உள்ளே சாதி உண்டு, வெளியே சலுகை இல்லை. அந்நியக் கைக்கூலி என்ற பட்டம் மட்டும் இலவசம்.

சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பாலை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தருமபுரி அன்று சேலம் ஜில்லா, ஆகவே நம் ஆள். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய முறை என்று 1905இல் தேசிய மிஷனரி சங்கத்தை, பின்னாளில் பிஷப்பான அசரியாவோடு சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு வட்டமேசை மாநாட்டுக்கும் போனார். பக்கத்துத் திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன், பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரோடு சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார். கதர் உடுத்தி மருத்துவம் பார்த்தார்கள், கோபுரம் வைத்துக் கோவில் கட்டினார்கள். இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நம் பிள்ளைகளை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போகிறோம், இங்கே அழைத்துப் போவதில்லை.

தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல். முப்பதாம் ஆண்டு விழா என்று கிளம்புவார்கள், மலரும் போடுவார்கள். குழுவில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், அது தெரியும். அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். உபதேசியார் குடும்பத்தில் பிறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தாத்தாவின் அல்லது அவருக்கு அப்பாவின் பெயரையும், அவர் நடந்து போய் ஜெபம் சொன்ன ஊர்களின் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள். வீட்டில் பழைய நோட்டுப் புத்தகம், ஞானஸ்நானச் சீட்டு, ஏதாவது கடிதம் இருந்தால் கறையான் அரிப்பதற்குள் படம் எடுத்துவிடுங்கள். ஓசூரில் ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்களைத் தங்கள் அறையில் கூட்டி ஞாயிறு மாலை ஜெபம் நடத்துகிறவர்கள் இருந்தால் அவர்கள் பெயரும் வேண்டும்.