எங்கள் தெருச் சேதியை எங்களுக்கு யார் சொல்வது?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஜேசிபி வந்து நின்றது. ஏழரைக்குள் தெருவைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். எட்டு மணிக்கு வந்த ஆட்டோ பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி, பள்ளத்தின் மேல் கிடந்த பலகையில் நடந்து அந்தப் பக்கம் சேர்த்தோம். நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு "விட்டுடாதீங்கம்மா, விட்டுடாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு நாளாகியும் அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

தோண்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. பாதாளச் சாக்கடையைச் சரிசெய்யத்தான் வேண்டும். 2024 ஜூனில் நம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக விஷவாயு ஏறி, வீட்டுக்குள் இருந்த மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியும் உண்டு. அதற்குப் பிறகும் தோண்டாதே என்று எவராவது சொல்வோமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெரியவரின் மகன் ஆட்டோவை விடிவதற்குள் வரவைத்திருப்பார். இல்லையென்றால் முந்தின இரவே அவரைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இந்தப் புதுச்சேரியில் ஆள் இல்லை.

போன மாதம் என் மாமனாருக்குத் திதி. வீட்டில் பதினைந்து பேர். விடியற்காலை எழுந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேல்நிலைத் தொட்டி கழுவுகிறார்களாம், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடையாதாம். கேன் தண்ணீர் வாங்கிச் சமைத்தோம். பாத்திரம் கழுவப் பக்கத்துத் தெருவிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்தோம். மறுநாள் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "பேப்பர்ல போட்டிருந்தோமே, பாக்கலையாம்மா?" என்றார்கள். எந்தப் பேப்பர், எந்தப் பக்கம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. டீக்கடையில் பழைய பேப்பரைப் புரட்டித் தேடினேன். உள்பக்கத்தில், ஏதோ டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி இருந்தது. எங்கள் தெருவில் பேப்பர் வாங்குகிற வீடு இப்போது நான்குதான். மற்றவர்களெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டார்களா?

சரி, வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் நகருக்கு மூன்று இருக்கின்றன. காலையில் திறந்தால் ரோஜாப்பூ படத்தோடு நாற்பது வணக்கம். அதற்கு நடுவே யாராவது ஒருவர் "இன்னைக்கு கரண்ட் போகுமாமே?" என்று கேட்பார். "ஆமா" என்று இரண்டு பேர், "இல்ல, அது வேற ஏரியா" என்று மூன்று பேர் பதில் போடுவார்கள். கடைசியில் கரண்ட் போன பிறகுதான் யார் சொன்னது சரி என்று தெரியும்.

ஃபெஞ்சல் புயலின்போது இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வந்தது. உடையவில்லை என்று இன்னொன்று. எங்கே முகாம், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, எந்தத் தெரு வழியாக நடந்து போகலாம் என்று கேட்டால் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. சென்னையில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து டிவிக்காரர்கள் எங்கள் ஊரைக் காட்டினார்கள். அடுத்த தெருவில் என்ன நிலைமை என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் பேனர் மட்டும் வந்துவிடும். பொது இடங்களை அலங்கோலம் பண்ணக் கூடாது என்று 2000-லேயே சட்டம் போட்ட ஊர் இது. இருந்தாலும் பிறந்தநாள் வாழ்த்து, பதவியேற்பு வாழ்த்து, கல்யாண வாழ்த்து எல்லாம் இருபது அடி உயரத்துக்குச் சவுக்குக் கட்டை கட்டி நிற்கும். அதில் சிரிக்கிற முகங்களை எண்ணினால் முப்பது தேறும். அந்தப் பேனருக்கு ஆகும் செலவில் எங்கள் தெருவுக்கு ஒரு வருஷத்துக்கான அறிவிப்பை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கலாம். நாளை தண்ணீர் வராது என்று ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

நல்ல காரியம் நடந்தாலும் இதே கதைதான், அதுதான் இன்னும் வலிக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சமுதாய நலக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் வந்து காத்திருந்துவிட்டுப் போனார்களாம், ஆளே வரவில்லையாம். என் வீட்டுக்குப் பின்தெருவில் பூக்கட்டுகிற அம்மாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்து, ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறார். நலக்கூடம் அவர் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். முகாம் நடந்ததே அவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது "சொல்லியிருந்தா போயிருப்பேனே கண்ணு" என்றார். எனக்கே தெரியாதே அம்மா, நான் எப்படிச் சொல்வேன்?

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நமக்குக் கவுன்சிலர் கிடையாது. 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-ல் ஒரு தடவை உள்ளாட்சித் தேர்தல் நடத்தினார்கள். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 2021-ல் தேதிகூட அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்காகி நின்றுபோனது. ஐந்து நகராட்சி, பல கிராமங்களைச் சேர்த்த பத்து கம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிகள் கையில். பிரெஞ்சுக்காரன் ஆண்ட 1880-லேயே கம்யூன் நகராட்சிகள் வந்த மண் இது! கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி 2021-ல் திறந்துவிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வார்டு உறுப்பினர் மட்டும் இன்னும் வரவில்லை. 2006-ல் நான் ஓட்டுப் போட்டபோது இடுப்பில் இருந்த என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். கவுன்சிலர் என்றால் என்ன வேலை செய்வார் என்று என்னைக் கேட்கிறாள்.

கடலூரில் இருக்கும் என் அக்காவுக்கு அது தெரியும். 2021-ல் மாநகராட்சியாகி, 2022-ல் தேர்தல் நடந்து, 45 வார்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். அங்கேயும் குறைகள் ஆயிரம் உண்டு, அக்கா வாரம் ஒரு முறை போனில் புலம்புவாள். ஆனால் குழாய் வரவில்லை என்றால் போய்ச் சத்தம் போட அவளுக்கு ஒரு வாசல் இருக்கிறது. மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் அந்த வீட்டில் இருக்கிறார். இங்கே எங்களுக்கு எல்லாவற்றுக்கும் எம்எல்ஏ வீட்டு வாசல். சட்டம் போட வேண்டியவரிடம் போய் ஜேசிபி எப்போது வரும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தேர்தல் வருகிறபோது வரட்டும். அதுவரை ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் காலையில் குப்பை வண்டி எங்கள் தெருவுக்குள் வருகிறது. அதில் ஒலிபெருக்கி இருக்கிறது, குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி ஒரே பதிவை ஓடவிடுகிறார்கள். அதே ஒலிபெருக்கியில் நாளைக்குத் தண்ணீர் வராது, ஞாயிற்றுக்கிழமை கண் முகாம், திங்கட்கிழமை தெரு வெட்டப்போகிறோம் என்று சொல்ல முடியாதா? தமுக்கடித்துச் சேதி சொன்ன காலத்தில் எங்கள் பாட்டிக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கக் கூடாதா?

இன்று சாயங்காலம் அதே இடத்துக்குப் பத்தடி தள்ளி சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கு, எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டேன். "தெரியாதுக்கா, கோடு போடச் சொன்னாங்க" என்றான் அந்தப் பையன். அவனைத் திட்டி என்ன பயன்? நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாளை வியாழக்கிழமை. பெரியவரை இன்று ராத்திரியே தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள்.