போடு, கழற்று, போடு

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை. சிங்கப்பூரில் அது ஒரு குறையே இல்லை. வகுப்பில் கண்ணாடி போடாதவனைத்தான் திரும்பிப் பார்ப்போம். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்தும் கூடவே குடிவந்துவிட்டது. தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் தெரியக் கண்ணாடி வேண்டும், கைப்பேசியைப் படிக்க அதையே கழற்ற வேண்டும். நாள் முழுக்க இதே வேலை! கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுப்பதில்லையாம். முட்டி மடங்க மறுப்பது போதாதா, இதுவுமா?

தேக்கா கடையில் மசாலா பாக்கெட்டைத் திருப்பினால் காலாவதித் தேதி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. இதை அச்சடித்தவனுக்கு இருபது வயதுதான் இருக்கும், சந்தேகமே இல்லை.

அப்புறம் எம்ஆர்டி ரயிலில் ஒரு பையன் எழுந்து, "உட்காருங்க அங்கிள்" என்கிறான். உட்காரவும் ஆசை, கோபமும் வருகிறது. (உட்கார்ந்துவிட்டேன், அது வேறு விஷயம்.) சாலையைக் கடக்கும் இடங்கள் சிலவற்றில் மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும், 2009-லிருந்தே இருக்கிற வசதி. ஆனால் அந்த அட்டைக்கு 60 வயது ஆக வேண்டும். என் முட்டிக்கு இப்போதே வேண்டுமாம்.